மின்னாவுக்கு ஒரு விரிந்த முச்சுரம்

வைடன்பாக்,
ஜூன் 9, 1861

அருமைத் தங்கை தெக்லாவுக்கு,

உன் அண்ணன் எர்ட்மான் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். நீ அதை நம்ப மாட்டாய் என்று தெரிந்தும் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் ஒரே ஒரு சுரக்கூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, உன் வீட்டுக்காரி இன்னும் கதவைத் தட்டாமல்தான் உள்ளே வருகிறாளா என்பதெல்லாம் மிச்ச அரைப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பிப்ரவரியில் குழந்தை மின்னாவைப் புதைத்த வீட்டுக்கு என்னத்தை எழுதுவது என்று தெரியாமல்தான் அப்படி எழுதினாய் என்று எனக்குப் புரிகிறது. கோபமில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மூன்றரைப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஆனாலும் உங்கள் லைப்சிக் இசைப்பள்ளிக்காரர்கள் அந்த மூன்று சுரக் கூட்டுக்கு, விரிந்த முச்சுரத்துக்குக் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம். அப்பா காலத்தில் அது வழிப்போக்கன். வாசலில் நின்று தண்ணீர் கேட்டான், குடித்தான், போய்விட்டான். நீங்கள் அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "உங்க சொந்த ஊர் எது?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவனுக்கு ஊரே கிடையாது என்பதுதான் உன் கண்டுபிடிப்பு போலிருக்கிறது. போகட்டும், சாவகாசமாக விளக்கி எழுது. எழுத்தில் எழுது. வந்து வாசித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பாதே.

பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன், மற்ற நாளில் பிரம்பைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறேன்.

உன் அண்ணியைப் பற்றி என்ன சொல்ல? ரோசினா என்னோடு பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சூப்பை மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உள்ளே வருகிறாள். குழந்தை போன அன்றிலிருந்து இப்படித்தான். துக்கம்தான், வேறென்ன. இந்தக் கோடையில் நீ வர வேண்டாம். வீடு விருந்தாளிக்குத் தகுந்த நிலையில் இல்லை.

உன் பிரியமுள்ள அண்ணன்,
எர்ட்மான்


லைப்சிக்,
ஜூலை 2, 1861

என் அன்புள்ள அண்ணா,

என்னை விருந்தாளி என்று எழுதிவிட்டீர்கள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது நீங்கள், அதுவும் கோணல் பின்னல். இப்போது நான் விருந்தாளி. சரி, வரவில்லை. ஒரு நாள் முழுக்க அழுதேன் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

இருமல் விட்டுவிட்டது. வீட்டுக்காரி விடவில்லை. நேற்று கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஏம்மா, மணிக்கணக்கா ஒரே இடத்தைப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கியே, அது எப்போ முடியும்?" என்று கேட்டாள். "அது முடியவே முடியாதுங்க, அதுதான் அதோட குணம்," என்றேன். "அப்போ வேற ஏதாவது வாசி, நாய் கூட சாப்பிட மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன். கிண்டலை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள். சாதாரண முச்சுரத்தில் இரண்டு இடைவெளிகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரிது கீழே இருந்தால் மேஜர், சிறிது கீழே இருந்தால் மைனர். இடைவெளிகள் சமமில்லாததால்தான் எது அடிச்சுரம், எது வீட்டுத் தலைவர் என்று காதுக்குத் தெரிகிறது. விரிந்த முச்சுரத்தில் இரண்டும் பெரிய இடைவெளிகள். ஒரு கட்டையிலிருந்து நாலு கட்டை தள்ளி அடுத்த சுரம், அங்கிருந்து நாலு தள்ளி இன்னொன்று. மறுபடி நாலு போனால் புறப்பட்ட சுரத்துக்கே வந்துவிடுவீர்கள். வட்டமாக உட்கார்ந்த மூன்று பேர் மாதிரி, யார் முதலில் யார் கடைசி என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஊர் இல்லை.

இன்னொரு விஷயம், இது எங்கள் பேராசிரியர் சொல்லாதது. பெண்கள் வகுப்புக்கு இவ்வளவு போதும் என்று அவர் புத்தகத்தைப் பாதியில் மூடிவிடுகிறார். மீதியை நானே கட்டையில் தட்டிக் கண்டுபிடித்தேன். மூன்று சுரங்களில் ஏதாவது ஒன்றை அரைச்சுரம் இறக்குங்கள், ஒரு மேஜர் வீடு. ஏற்றுங்கள், ஒரு மைனர் வீடு. எந்தச் சுரத்தை நகர்த்துகிறோமோ அதற்கேற்ற வீடு. ஆக ஒரே கூட்டிலிருந்து ஆறு வீடுகளுக்குப் போகலாம். ஒருவர் அரை அடி நகர்ந்தால் போதும், எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

அண்ணா, நவம்பரில் மரித்தோர் ஞாயிறு வரும். அந்த வருஷம் போனவர்கள் பெயரையெல்லாம் வாசிக்கும்போது மின்னாவின் பெயரையும் வாசிப்பார்கள். பெயர்கள் முடிந்ததும் வாசிக்க நான் ஒரு சின்ன இசை எழுதித் தரட்டுமா? இந்தக் கூட்டை வைத்துத்தான் எழுத நினைக்கிறேன். அத்தை என்று நான் அவளுக்கு ஒரு பொம்மைகூட ஒழுங்காக வாங்கித் தந்ததில்லை.

ஒரே கவலை நம் ஊர் ஆர்கன்தான். அந்தக் காலத்தில் அதற்குச் சுருதி சேர்த்தவர் அடிக்கடி வாசிக்கிற கூட்டுகளையெல்லாம் தேனாக வைத்துவிட்டு, மிஞ்சின கோணலையெல்லாம் யாரும் போகாத ஒரு மூலையில் தள்ளிவிட்டாரே. சின்ன வயதில் அந்த மூலையைத் தொட்டு ஊளையிட வைத்து உங்களிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஓநாய் என்று நாம் பேர் வைத்த அந்த ஊளை இன்னும் அங்கேயே படுத்திருக்கிறதா? இங்கே பியானோவில் பன்னிரண்டு கட்டைகளும் சமம். எந்த வீட்டுக்கும் பயமில்லாமல் போகலாம்.

அண்ணிக்கு என் முத்தங்கள். அவர் வாங்கிக்கொள்வாரா தெரியவில்லை.

உங்கள்,
தெக்லா


வைடன்பாக்,
செப்டம்பர் 15, 1861

தெக்லா,

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்பு கேட்கிறேன். எழுதினால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படித்ததும் இந்தக் காகிதத்தை அடுப்பில் போடு.

எனக்குக் காது போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் தொடங்கியது. போன வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, குளிர்காலத்தில் அடியோடு அணைந்துவிட்டது. ஆர்கனின் பெரிய குழாய்கள் ஊதும்போது உட்கார்ந்திருக்கிற பலகை அதிர்வது தெரிகிறது. அவ்வளவுதான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, இங்கே ஊதுகிறவனும் செவிடனும் ஒரே ஆள்.

எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்பாய். ஆர்கனுக்கு மேலே கண்ணாடி இருக்கிறது, போதகரின் கை அசைவது அதில் தெரியும். துருத்தி மிதிக்கிற தோபியாஸ் என் முதுகில் தட்டுவான். பாவம், எனக்குக் கவனம் பிசகுகிறது என்று நினைத்துத் தட்டுகிறான். பள்ளியில் நானே ஓயாமல் பேசிவிடுகிறேன். யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டுகிறேன். தலையாட்டினால் முக்கால்வாசிப் பேர் திருப்தியாகிப் போய்விடுகிறார்கள் தெரியுமா? ரோசினா பேசாமல் இருப்பது ஒரு வகையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இது வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். இது பள்ளி வீடு என்பது உனக்குத் தெரியும். ரோசினா குழந்தையின் செருப்பைக்கூட இடம் மாற்றாமல் வைத்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து அவளை நான் எப்படி வெளியே கூட்டிப்போவேன்?

இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கடைசி ராத்திரி மின்னா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். தொண்டை அடைப்பானில் அவள் உதடு வீங்கியிருந்தது, உதட்டைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. நான் தலையாட்டினேன். அவள் சமாதானமானது போலிருந்தது. ரோசினா பக்கத்தில் இருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்கும். என் மகள் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியாது, தெக்லா. மனைவியிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ இசை எழுது. எனக்கு வேண்டும். தாளைப் பார்த்தால் எல்லாம் எனக்குள் கேட்கிறது, முன்பைவிடச் சுத்தமாகக் கேட்கிறது. ஓநாயைப் பற்றிப் பயப்படாதே. போன இலையுதிர் காலத்தில் சுருதி சேர்க்கிறவன் வந்தான். எல்லாக் கட்டையையும் சமமாக்கிவிடச் சொன்னேன், ஒரு வாரம் தங்கிச் செய்துவிட்டுப் போனான். இப்போது ஓநாய் இல்லை. எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போ.

உன் அண்ணன்


லைப்சிக்,
அக்டோபர் 20, 1861

அன்புள்ள அண்ணா,

காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதனால் என்ன பிரயோசனம், ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிட்டது.

நீங்கள் திட்டுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். வேலைக்காக ஊரிடம் மறைப்பது ஒன்று. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவரிடம் மறைப்பது வேறு. அண்ணி பேசாமல் இருப்பதற்கு நீங்கள் நினைக்காத காரணம் ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் இருப்பதற்கு நீங்கள் சொல்கிற காரணம் எனக்கும் புரிகிறது. புரிவதால்தான் தூக்கம் வரவில்லை.

இசையை இதோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டே பக்கம்தான். சாதாரணத் தாலாட்டு மாதிரி தொடங்கும். மூன்று இடத்தில் அந்த விரிந்த முச்சுரம் வரும், மூன்று தடவையும் அதே கட்டைகள்தான். முதல் தடவை மேல்சுரம் நகர்ந்து மைனருக்குப் போகும், அங்கே அவளுடைய காய்ச்சல். இரண்டாவது தடவை கீழ்ச்சுரம் இறங்கும், கொஞ்சம் வெளிச்சம் வரும், ஆனால் தங்காது. மூன்றாவது தடவை நிறைய நேரம் அப்படியே நிறுத்திப் பிடியுங்கள். எங்கே போகப்போகிறோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. பிறகு நடுச்சுரம் மட்டும் அரைச்சுரம் இறங்கட்டும். பழைய ஆர்கனில் நாம் ஒருநாளும் போகாத வீட்டில் போய் நிற்கும். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். மெதுவாக வாசியுங்கள். கடைசிக் கூட்டை இரண்டு தடவை.

நான் வருகிறேனே? உங்கள் பக்கத்தில் நின்று தாளைத் திருப்பிவிட்டுப் போய்விடுகிறேன்.

தெக்லா


வைடன்பாக்,
நவம்பர் 24, 1861

என் செல்லத் தங்கையே,

இன்றைக்கு உனக்கு எழுதாமல் என்னால் தூங்க முடியாது. நீ வராதது நல்லதாகப் போயிற்று, வந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பாய்.

கோயில் நிறைந்திருந்தது. போதகர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்ததும் நான் கண்ணாடியில் ரோசினாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலை குனிந்தபோது மின்னாவின் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். பெயர்கள் முடிந்தன, வாசிக்கத் தொடங்கினேன்.

தெக்லா, நீ எழுதியது என்ன என்று உனக்குத் தெரியுமா? மூன்றாவது தடவை அந்தக் கூட்டைப் பிடித்து நிறுத்தினேன். நடுச்சுரத்தை இறக்கினேன். எனக்குள் ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. பலகை முழுக்க அதிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் சபை முழுக்கத் திரும்பி மேலே என்னைப் பார்க்கிறது. பதினேழு வருஷமாக இந்த ஆர்கனை வாசிக்கிறேன், ஒருவராவது திரும்பிப் பார்த்ததில்லை. மாவு மில்காரர் மனைவி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஆண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அழுதன. போதகர் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார், அவர் வாயில் சொல் இல்லாமல் நான் பார்த்தது இன்றைக்குத்தான். தோபியாஸ்கூடத் துருத்தியை மறந்துவிட்டான், காற்று இறங்கிக் கட்டைகள் தொய்ந்தன. காலால் தரையை உதைத்து, "மிதிடா!" என்று கத்தினேன். பிறகு நீ சொன்னபடி கடைசிக் கூட்டை இரண்டாம் தடவை, முழு ஆர்கனையும் திறந்து வாசித்தேன்.

நான் படியிறங்கி வந்தேன். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எந்த இசைக்காரனுக்குக் கிடைக்கும்?

கேள். வாசலில் ரோசினா நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கல்லறை வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். சாயங்காலம் என்னோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு இது போதும். ஊர் இல்லாதவன் என்று அந்தக் கூட்டைக் கிண்டல் செய்தேனே, அவன்தான் என் வீட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

சந்தோஷத்தில் கிறுக்கலாக எழுதுகிற உன் அண்ணன்,
எர்ட்மான்


லைப்சிக்,
நவம்பர் 30, 1861

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தனியாக இன்னொரு தடவை படித்தேன். அதற்கப்புறம் என்னால் உட்காரவே முடியவில்லை.

மூன்று நாளாக யோசிக்கிறேன். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள், அண்ணி உங்கள் கையைப் பிடித்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு "ரொம்ப மகிழ்ச்சி அண்ணா" என்று எழுதிவிட்டால் என்ன? அப்படி ஒரு கடிதம் எழுதவும் செய்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஊரில் ஒருவரும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. யாராவது வாயால் சொன்னாலும் நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். எழுத்தில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

அண்ணா, என் இசை அவ்வளவு நல்ல இசை இல்லை. அதைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், பிள்ளைகள் அழாது. மில்காரர் மனைவி தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை, காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஓநாய் போகவில்லை. சுருதி சேர்த்தவன் எதையும் சமமாக்கவில்லை. நான் சம இடைவெளி என்று எழுதிய மூன்று சுரங்கள் அந்த ஆர்கனில் சமமே இல்லை. கடைசியில் நான் உங்களை அனுப்பிய வீடு அந்த மூலைதான். அதில் முழு ஆர்கனையும் திறந்து இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறீர்கள்.

எழுதியவள் நான். உங்கள் பேச்சை மட்டும் நம்பாமல் ஒரு தடவை நேரில் வந்து கட்டையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் வராதே என்று சொன்னாலும் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை அண்ணியிடம் கொடுங்கள். உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால் இதைக் கொடுங்கள், அது போதும். அவர் எதற்காகக் கையைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தெக்லா


லைப்சிக்,
டிசம்பர் 22, 1861

அண்ணா,

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ரொட்டியும் அண்ணிக்குக் கம்பளி நூலும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு செய்தி. எங்கள் மாடியில் எதிர் அறை காலியாகிறது. வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன். "உன் அண்ணனும் அண்ணியுமா? வரட்டும், வரட்டும். அவருக்குக் காது கேக்காதுன்னா இன்னும் நல்லது, நீ வாசிக்கிறதை அவராவது பொறுத்துப்பாரு," என்றாள். வேலை போனால் போகட்டும். எனக்கு மூன்று குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, வசந்தத்தில் இன்னும் கிடைக்கும். மின்னாவின் செருப்பை இங்கேயும் வைக்க இடம் இருக்கிறது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

தெக்லா


வைடன்பாக்,
ஜனவரி 26, 1862

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. நானே போய்ப் போதகரிடம் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: நீங்கள் கடவுள்மேல் கோபத்தில் வேண்டுமென்றே அப்படி வாசித்ததாகத்தான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, மேலிடத்துக்குப் புகாரும் போயிருக்கிறது. காது என்று தெரிந்ததும் நல்லபடியாக நடந்துகொண்டார். ஈஸ்டருக்குப் புது ஆள் வருகிறார். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரோசினாவின் அண்ணன் சாயப்பட்டறையில் பின்பக்கம் இரண்டு அறை தருகிறேன் என்றிருக்கிறார்.

சுருதி சேர்த்தவன்மேல் தப்பில்லை. அவன் ஆர்கனின் வயிற்றுக்குள் புகுந்து வேலை செய்துகொண்டிருந்தான், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து ஏதோ கேட்டான் போலிருக்கிறது. தோபியாஸ் இப்போது எழுதிக் காட்டுகிறான், எல்லாவற்றையும் சமமாக்கக் குழாய்களை வெட்ட வேண்டியிருக்கும், "பழையபடியே விட்டுடட்டுமா?" என்று அவன் கேட்டானாம். "ஆமா, ஆமா, அப்படியே செய்," என்றேனாம் நான்.

உன் கடிதத்தை ரோசினாவிடம் கொடுத்தேன். நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவள் அடுப்புப் பக்கத்தில் நின்று படித்தாள், இரண்டு தடவை படித்தாள். பிறகு மின்னாவின் சிலேட்டை எடுத்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஏன் அன்றைக்குக் கையைப் பிடித்தாள் என்று அவளே எழுதினாள். மற்றவர்கள் நினைத்ததைத்தான் அவளும் நினைத்தாளாம். "கோயில் நடுவுல நின்னு ஊளையிடணும்னு எனக்கு எத்தனையோ நாள் தோணுச்சு. எனக்குத் தைரியம் வரல. நீங்க செஞ்சீங்கன்னு நெனச்சேன்."

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். நான் கேட்கவே இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று உன் கடிதத்தைப் படித்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். "வெளக்கை அணைக்காதீங்கப்பா, பயமா இருக்குன்னா. நீங்க தலையாட்டினீங்க. அப்புறம் எழுந்து போய் வெளக்கை அணைச்சீங்க."

தூங்க வேண்டும் என்று சொல்கிறாள் என்று நான் நினைத்தேன், தெக்லா. கண் கூசுகிறது போல என்று நினைத்தேன். ரோசினா கத்தியிருக்கிறாள், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. இருட்டில் தீக்குச்சியைத் தேடிக் கீழே கொட்டிவிட்டாள். பொறுக்கி ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குழந்தை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அவள் இத்தனை மாதம் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

கடைசியாக அவள் சிலேட்டில் ஒரே வரிதான் எழுதினாள். "அன்னிக்கு உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" "இல்லை," என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் என் தலையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதது அவள் வயிறு குலுங்கியதில் தெரிந்தது.

இப்போது எங்களுக்குள் சுவர் இல்லை. ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவள் என்னை மன்னித்துவிட்டாள், மன்னிக்க ஒன்றுமே இல்லை என்கிறாள். எனக்குத்தான் அது வசப்படவில்லை.

நான் எதைத் தேடித் தவித்தேனோ அதைத்தான் நீ எனக்குக் கிடைக்கச் செய்தாய். உன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, இதை நீ நம்ப வேண்டும். நீ செய்தது சரி. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் உன் கையெழுத்தைக் கண்டால் உறையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்த பொட்டலத்தில் இஞ்சி ரொட்டியைச் சாப்பிட்டோம், ரோசினா அந்த நூலில் பின்னிக்கொண்டிருக்கிறாள். அதோடு வந்த கடிதத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை. ரோசினாவையும் பிரிக்க விடவில்லை. அதில் நல்லதுதான் இருக்கும் என்று தெரிகிறது, இருந்தும் முடியவில்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே, தெக்லா. வரவும் வேண்டாம். எப்போது முடியுமோ அப்போது நானே எழுதுகிறேன். எழுதாமலே போய்விட்டால், ஒரு சாயப்பட்டறையின் பின்கட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சிலேட்டில் பேசிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
எர்ட்மான்